ஏட்டை மூடிய பிறகு

தை பிறந்துவிட்டால், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளின் நடைமுறையே மாறிவிடுகிறது. மார்ச்சில் வரப்போகும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை முன்னிட்டுத் தொலைக்காட்சி வாயடைக்கப்படுகிறது. உறவினர் வருகை நாசூக்காகத் தள்ளிவைக்கப்படுகிறது. கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவுக்காக மாட வீதிகளில் பந்தல் எழும்பும் நாட்களிலும், அவ்வீதிகளிலேயே உள்ள ஏதோவொரு மாடியறையில் ஒருவன் கூட்டாளி விலகல் கணக்கையோ மின்காந்தத் தூண்டலையோ உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறான். இவர்களுக்கு மூத்தவர்களோ, பகலெல்லாம் ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர்களைச் சரிபார்த்துவிட்டு இரவில் சி.ஏ. பரீட்சைக்குப் படிக்கும் ஆர்ட்டிகிள் உதவியாளர்கள். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் பகுதிக்குள் நுழைந்து பார்த்தால், குனிந்த தலைகளையும், ஒவ்வொரு வரியின்மீதும் ஊர்ந்து செல்லும் மஞ்சள் மைப் பேனாக்களையும் காணலாம்.

இத்தனை பிரயாசைக்குப் பிறகும், வினாத்தாளைக் கண்ட மாத்திரத்தில், நன்றாகப் படித்த பாடமொன்று நினைவுக்கு எட்டாமல் நழுவிப்போவது ஏன்? படித்தவன் சோம்பேறி என்றோ மந்தபுத்தி என்றோ சொல்லி இக்கேள்வியைத் தட்டிக்கழிப்பது பெரியோர் வழக்கம். ஞாபகத்தைப் பற்றி ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் கூறும் விடை வேறு. படிக்கும்போது எளிதாகவும் இன்பமாகவும் தோன்றும் முறைகள் பெரும்பாலும் விரைவில் கரைந்துபோகும் அறிவையே தருகின்றன. எந்த முறை நம்மைத் திணறவைக்கிறதோ, எதைச் செய்கையில் நமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்ற அயர்ச்சி உண்டாகிறதோ, அம்முறையே நிலைத்த அறிவைத் தருகிறது. இந்த விபரீதத்தின் காரணத்தை விளங்கிக்கொண்டவன், பரீட்சைக்கு முந்தைய நாட்களைச் செலவிடும் விதமே மாறிவிடும்.

மறதியை அளந்தவர்

மறதி என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதை முழக்கோல் கொண்டு அளக்க முடியும் என்று முதன்முதலில் துணிந்தவர் ஹெர்மன் எபிங்கௌஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். 1885-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் இடம்பெற்ற சோதனைகளுக்கெல்லாம் உட்பட்டவர் ஒரே ஒருவர்தான், அவரும் அவரே. ஏற்கெனவே அறிந்த சொற்களைப் படித்தால் பழைய நினைவுகள் துணைக்கு வந்து அளவைக் குலைத்துவிடும் என்று கருதி, இரண்டு மெய்யெழுத்துக்களுக்கிடையே ஓர் உயிரெழுத்தை வைத்துப் பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் அவர் உண்டாக்கிக்கொண்டார். அவற்றை வரிசைகளாக அமைத்து, சீரான தாளத்திற்கேற்ப வாய்விட்டு வாசித்து, பிழையின்றி ஒப்புவிக்கும் வரையில் ஆகும் நேரத்தைக் குறித்துவைத்தார்.

அவருடைய உபாயத்தின் நுட்பம் இதன்பின் செய்ததில் இருக்கிறது. சில காலம் கழித்து அதே வரிசையை மறுபடியும் கற்று, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். முதன்முறை 1000 நொடி பிடித்த வரிசையை மறுநாள் 660 நொடியில் கற்க முடிந்ததென்றால், பழைய உழைப்பில் நூற்றுக்கு 34 பங்கு இன்னும் அழியாமல் இருக்கிறது என்பது கணக்கு. ஒரு மணி நேரத்தில் இந்த மிச்சம் 44 விழுக்காடாகவும், ஒரு நாளில் 34 விழுக்காடாகவும், 31 நாட்களில் 21 விழுக்காடாகவும் குறைந்தது. அதாவது, மறதி தன் வேலையில் பெரும்பகுதியை முதல் மணி நேரத்திலேயே முடித்துவிடுகிறது. அதன்பின் ஒரு மாதம் வரையில் அது மிகவும் நிதானமாகவே நடக்கிறது. பொருளுள்ள பாடம் பொருளற்ற அசைகளைவிட நெடுநாள் நிற்கும் என்பது மெய்யே. ஆயினும் சரிவின் சுபாவம் அதுவேதான். காலை வகுப்பில் கேட்ட பாடத்தை மாலையில் ஒருமுறைகூடத் தொடாமல், பரீட்சைக்கு முந்தின வாரத்தில் திறக்கிறவன் பெரும்பாலும் புதுப்பாடத்தைத்தான் திறக்கிறான்.

கண்ணுக்குப் பழகியதும் கருத்தில் பதிந்ததும்

சரிவைத் தடுக்க வழி என்ன என்று கேட்டால், திரும்பத் திரும்பப் படிப்பதே என்று எந்த மாணவனும் சொல்லுவான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. சூரியனைப் பற்றியும் கடல்நீர்நாயைப் பற்றியுமான சிறு கட்டுரைகளைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறையும் படித்துக்கொண்டே இருந்தார்கள். மற்றொரு குழுவினர் முதல் ஐந்து நிமிடம் மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய மூன்று முறையும் கட்டுரையைப் பாராமல் நினைவில் வந்ததையெல்லாம் வெள்ளைத் தாளில் எழுதினார்கள். முதல் குழுவினர் கட்டுரையைச் சராசரி 14 முறை வாசித்திருந்தார்கள். இரண்டாம் குழுவினரோ மூன்று முறைக்குச் சற்று அதிகமாகவே வாசித்திருந்தார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாகிவிட்டது: முன்னவர்களிடம் 40 விழுக்காடும் பின்னவர்களிடம் 61 விழுக்காடும் எஞ்சியிருந்தன. இதில் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, மிகுந்த தன்னம்பிக்கையோடு விடை சொன்னவர்கள், வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தாம்.

இந்தப் பிரமைக்குக் காரணம் இருக்கிறது. தெப்பக்குளத்துக் கரையில் நாள்தோறும் நடைப்பயிற்சியில் எதிர்ப்படும் ஒருவருடைய முகம் நமக்கு நன்றாகத் தெரியும், கண்டவுடன் புன்னகைக்கிறோம், ஆனால் அவருடைய பெயரைச் சொல்லும்படி யாராவது கேட்டால் விழிக்கிறோம். கண்டால் அடையாளம் தெரிவது ஒரு சக்தி, காணாதபோது மனத்திலிருந்து எடுத்துரைப்பது வேறு சக்தி. முன்னதைப் பழக்கிவிட்டுப் பின்னதை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஐந்தாம் முறையாகப் புரட்டும் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடுவதால், அதிலுள்ளது நமக்குத் தெரியும் என்று மனம் பொய்ச்சாட்சி சொல்கிறது. பரீட்சையோ பக்கத்தைக் காட்டிவிட்டு அடையாளம் கேட்பதில்லை. ஏட்டைப் பறித்துக்கொண்டு விடையைக் கேட்கிறது. எனவே, மஞ்சள் மையால் வரிகளை அழகு செய்வதில் கழியும் மாலைப்பொழுதைவிட, ஏட்டை மூடிவைத்துவிட்டு ஒரு தாளில் திக்கித் திணறி எழுதும் கால்மணி நேரம் அதிகப் பயனுடையது. அப்படி எழுதியபின் ஏட்டைத் திறந்து, விட்டதையும் பிழைபட்டதையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். திருத்தப்படாத நினைவு பிழையையும் சேர்த்தே உறுதிப்படுத்திவிடும்.

நாளுக்கு ஒரு மணி

சென்னையின் பழைய பேட்டைகளில் இன்னும் ஓசையோடு இயங்கும் தட்டச்சுப் பயிலகங்களை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் வணிகவியல் தேர்வுகளில், ஆங்கிலத் தட்டச்சின் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல்லும், முதுநிலைக்கு 45 சொல்லும் வேகம் வேண்டும். அதற்காகச் சேர்கிறவன், இடக்கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்றும், வலக்கை விரல்களை அதன் எதிர்ப்புறத்தில் ஓட்டியும், ஒரே வரியைப் பக்கம் பக்கமாக அடிக்கிறான். எவ்வளவு ஆவல் கொண்ட மாணவனாயினும் அவனுக்கு அளிக்கப்படுவது நாளொன்றுக்கு ஒரு மணி நேரந்தான். அடுத்த மணிக்கு அந்த இயந்திரத்தின்முன் வேறொருவன் வந்து உட்கார்ந்துவிடுவான். இயந்திரங்களின் பற்றாக்குறையால் ஏற்பட்ட இந்த ஏற்பாடு, மனோதத்துவ சாஸ்திரத்தின்படியும் உத்தமமான ஏற்பாடாக அமைந்துவிட்டது.

பிரிட்டனில் அஞ்சல் துறையினர் தங்கள் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பிக்க வேண்டிவந்தபோது, ஆலன் பேட்லி என்னும் அறிஞரும் அவருடைய சகா லாங்மனும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பயிற்றுவித்தார்கள்; அதன் முடிவு 1978-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி. வேறிரு குழுக்களுக்கு இரண்டு மணி, ஒரே அமர்விலோ இரண்டாகப் பிரித்தோ. எஞ்சிய குழுவுக்கு இரண்டிரண்டு மணியாக நான்கு மணி. செலவிட்ட மொத்த மணிகளைக் கணக்கிட்டுப் பார்த்தால், நாளுக்கு ஒரு மணி பயின்றவர்களே மிகக் குறைந்த உழைப்பில் விசைப்பலகையை வசப்படுத்தியிருந்தார்கள். விந்தை யாதெனில், தங்கள் பயிற்சி முறையைப் பற்றி மிகவும் குறைபட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தாம். நாட்கணக்கில் மற்றவர்கள் தங்களை முந்திச் செல்வதாக அவர்களுக்குத் தோன்றியது.

கைவிரலுக்குப் பொருந்தும் இந்த விதி கருத்துக்கும் பொருந்தும். ஒரே பாடத்தை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆறு மணி நேரம் படிப்பதைவிட, அதே ஆறு மணியை மூன்று வாரங்களில் பரப்பிப் படிப்பது நீடித்த ஞாபகத்தைத் தரும். இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் ஒருவகைப் பிரமாணம் உண்டு. சோதனை எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்ப இடைவெளியும் நீளலாம். ஒரு வாரத்தில் வரும் சோதனைக்கு ஓரிரு நாள் போதுமானதாக இருக்க, ஓராண்டு கழித்து வருவதற்கு ஏறத்தாழ மூன்று வார இடைவெளியே ஏற்றதென்று 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டிற்று.

இதற்கு உடலில் ஏதேனும் ஆதாரம் உண்டா என்ற கேள்விக்கு, எரிக் கேண்டல் என்பவர் ஏப்ளிஸியா என்னும் கடல்நத்தையிடம் விடை தேடினார். அதைத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தீங்கின்றிப் பலமுறை தொட்டால் அந்தப் பழக்கத்தை மெல்லக் கைவிடும். நாற்பது தொடுகைகளை ஒரே மூச்சில் கொடுத்தால் அந்தப் பாடம் விரைவில் மறந்துபோகிறது. நாளுக்குப் பத்தாக நான்கு நாளில் கொடுத்தாலோ அது வாரக்கணக்கில் நிற்கிறது. நீடித்த நினைவு உண்டாவதற்கு நரம்பணுக்கள் புதிய புரதங்களை ஆக்கிக்கொண்டு, தமக்கிடையேயுள்ள இணைப்புக்களின் அமைப்பையே மாற்றியாக வேண்டும். அந்தக் கட்டுமானத்திற்குக் காலம் வேண்டியிருக்கிறது. இத்தகைய ஆராய்ச்சிகளுக்காகக் கேண்டலுக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நத்தைக்குக் கூட அவகாசம் தேவைப்படுகையில், கம்பெனிச் சட்டத்தை ஓரிரவில் கற்றுவிடலாம் என்று மனிதன் எண்ணுவது மிகையான தைரியமே.

தலைப்பில்லாத கணக்குகள்

கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கூட்டாளி சேர்ப்பு ஓர் அத்தியாயம், விலகலும் இறப்பும் மற்றோர் அத்தியாயம். சேர்ப்பு அத்தியாயத்தின் இறுதியிலுள்ள பயிற்சிகளை ஒருவன் வரிசையாகப் போட்டு முடிக்கும்போது, மூன்றாவது கணக்கிலிருந்தே அவன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான். தியாக விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை அத்தியாயத்தின் தலைப்பே அவனுக்குச் சொல்லிவிடுகிறது. வினாத்தாளிலோ தலைப்பு இராது. இது தியாக விகிதத்திற்குரிய கணக்கா, ஆதாய விகிதத்திற்குரிய கணக்கா, தேய்மானத்தை நேர்க்கோட்டு முறையில் எழுதுவதா, குறைந்துசெல் மதிப்பு முறையில் எழுதுவதா என்று தேர்ந்துகொள்வதே பாதி விடை. அந்தப் பாதியை அவன் ஒருநாளும் பயின்றதில்லை. பௌதிகத்தில் எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்று திகைக்கும் மாணவனின் கதையும் இதுவே.

ரோரர், டெய்லர் என்னும் இருவர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நான்கு வகைக் கனவடிவங்களின் பருமனைக் காணும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். நான்கையும் கலந்து போட்டவர்களோ 60 விழுக்காடே செய்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த சோதனையில் முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, பின்னவர்கள் 63 விழுக்காட்டில் நின்றார்கள். பயிற்சியில் கிடைக்கும் மதிப்பெண் கற்றதற்கு அளவுகோலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. பட்டயக் கணக்காளர் கழகம் ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்பாக வெளியிடும் ஆர்.டி.பி. என்னும் மீள்பார்வை வினாத்தாள்களையும், பழைய ஆண்டுகளின் வினாத்தாள்களையும், பாடம் முழுவதும் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல் இடையிடையே போட்டுப் பார்க்க வேண்டியதன் காரணமும் இதுவே.

விதிகளை அனுபவத்தோடு கலப்பதும் ஒருவகைக் கலப்புத்தான். சரக்கிருப்பை அடக்க விலையிலோ, விற்றால் செலவு போக நிகரமாகக் கைக்கு வரும் தொகையிலோ, எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்பது இரண்டாம் கணக்கியல் தரநிலையின் சாரம். இதைப் பத்து முறை உருப்போட்டவன் பரீட்சையில் தடுமாறலாம். மார்ச் 31-ஆம் தேதியன்று தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் நின்று, அடுக்கடுக்காகச் சேலைகளை எண்ணி, சென்ற தீபாவளிக்கு வாங்கி விற்காமல் மடிப்பு ஓரம் வெளுத்துப்போன கட்டொன்றைக் கையிலெடுத்து, வாங்கின விலைக்கு இதை யார் வாங்குவார் என்று ஒரு கணம் யோசித்த ஆர்ட்டிகிள் உதவியாளன் அவ்விதியை மறப்பது கடினம். ஏனெனில், அவனுக்கு அது காரணத்தோடு பிணைந்த அறிவு. விதியின் சொற்கள் நழுவினாலும் காரணத்தைப் பற்றிக்கொண்டு அவன் அதை மீட்டுவிடுவான்.

காற்பங்கும் அரைப்பங்கும்

இவையெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமைகள் என்று யாரேனும் எண்ணினால், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தை அவர்கள் புரட்டிப் பார்க்க வேண்டும். எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுந்த அந்த இலக்கண ஆசிரியர், அதற்குமுன் பாடம் கேட்கும் முறையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் கற்பித்ததை எவ்வளவு செம்மையாக மாணவன் ஏற்றுக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுபெறும். ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்பதால் பிழை நீங்கும் என்பதையும், மூன்றாம் முறை கேட்டவனே முறையறிந்து சொல்லத் தக்கவன் என்பதையும் அவர் கூறாமல் விடவில்லை. இடைவிட்டுத் திரும்பப் பயில்வதும், நினைவிலிருந்து எடுத்துரைப்பதும் ஆகிய இரண்டு உபாயங்களும் அப்பாயிரத்தில் அருகருகே இருக்கின்றன.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இந்த நெறியிலேயே நடந்தன. எண்சுவடியை முறைசொல்லி, மறுநாள் ஏட்டைப் பாராமல் ஆசிரியர்முன் ஒப்புவித்து, தேறியவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, அந்த முறையைத் தம் விடுதியிலும் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தாய்நாடு திரும்பிய அவர் 1797-இல் இதைப் பற்றி எழுதி வெளியிட, சென்னை முறை என்ற பெயராலேயே அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. ஆசிரியர் சம்பளம் மிச்சமாகும் என்பதே அங்குள்ளோரைப் பெரிதும் கவர்ந்திருக்கலாம். சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு விளைந்த இலாபமே நமக்கு முக்கியம். உப்புக்களின் கரைதிறனைத் தம்பிக்கு விளக்கப் புகும்போதுதான், தனக்கு எந்த இடத்தில் காரணம் தெரியவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியவருகிறது. ஒப்புவித்தலை உருப்போடுதலோடு ஒன்றாக எண்ணி இகழ்ந்த நாம், அதிலிருந்த சாரத்தையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம். பொருளறியாத ஒப்புவித்தல் வீண் என்பது எவ்வளவு உண்மையோ, ஒப்புவித்துப் பாராத பொருளறிவு நிலையாது என்பதும் அவ்வளவே உண்மை.

உறக்கத்தின் பங்கு

பரீட்சைக்கு முந்தின இரவைக் காபியின் துணையோடு விழித்தே கழிப்பதை ஒரு வீரச்செயலாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1924-ஆம் ஆண்டிலேயே, ஜென்கின்ஸ், டேலன்பாக் என்னும் இருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களைக் கொண்டு, பொருளற்ற பத்து அசைகளைக் கற்கச் செய்து, உறங்கினாலும் விழித்திருந்தாலும் எவ்வளவு மறக்கிறது என்று ஒப்பிட்டார்கள். எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபின் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தது. அதே எட்டு மணியை விழித்துக் கழித்தபின்னோ பத்தில் ஒன்றளவே எஞ்சிற்று. பகலில் பெற்ற நினைவுகள் உறக்கத்தின்போது மூளையில் நிலைபெறுகின்றன என்று பிற்கால ஆராய்ச்சிகளும் உறுதி செய்துள்ளன. ஆகவே, உறக்கத்தைத் துறந்து படிக்கிறவன், முன்பே படித்ததைப் பதியவிடாமல் புதியதைத் திணிக்கிறான்.

கடைசி முப்பது நாட்கள்

இவற்றைத் தொகுத்து நடைமுறைக்குக் கொண்டுவருவது கடினமன்று. நாளின் படிப்பு நேற்றைய பாடத்தோடு தொடங்கட்டும்; ஏட்டைத் திறக்குமுன் அதன் சாரத்தைப் பத்து வரியில் எழுதிப் பார்த்துப் பிறகு திருத்திக்கொள்ளட்டும். சென்ற வாரத்துப் பாடமொன்றுக்கும் அவ்வாறே அரைமணி ஒதுக்கட்டும். புதிய பாடம் அதன்பின் வரட்டும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, பல அத்தியாயங்களிலிருந்தும் தலைப்பின்றி எடுத்த வினாக்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதட்டும். சி.ஏ. பரீட்சையில் ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், தொகுதியின் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற்றாலன்றித் தேற முடியாது. பிடித்த தாளில் 90 வாங்கியும் பிடிக்காத தாளில் 38 வாங்கியவன் அத்தொகுதியில் தேறியவனாகான். எனவே, கலந்து பயிலுதல் அங்கே ஞாபகத்துக்கு மட்டுமன்றித் தேர்ச்சிக் கணக்குக்கும் இன்றியமையாதது.

இந்த முறையைக் கைக்கொள்கிறவனுக்கு முதல் வாரம் கசப்பாகவே இருக்கும். பக்கங்கள் மெதுவாகவே நகரும். எழுதிய தாளில் பாதி வெற்றிடமாக இருக்கும். அருகிலிருப்பவன் மூன்று அத்தியாயங்களை முடித்துவிட்டதாகச் சொல்லும்போது மனம் தளரும். அஞ்சல் ஊழியர்களில் நாளுக்கு ஒரு மணி பயின்றவர்கள் குறைபட்டுக்கொண்டதும் இதே காரணத்தால்தான். ஆகையால் பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. எத்தனை மணி நேரம் படித்தாய் என்றும், எத்தனை பக்கம் முடித்தாய் என்றும் கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, இன்று படித்ததை ஏட்டைப் பாராமல் எனக்குச் சொல் என்று அவர்கள் கேட்கலாம். கேட்கிறவருக்குப் பௌதிகமோ கம்பெனிச் சட்டமோ தெரிந்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. புரியவில்லை, இன்னொரு முறை சொல் என்று கேட்கும் பொறுமை இருந்தால் போதும். பவணந்தியார் கணக்கில் எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாத அந்த அரைப்பங்கை, பாடமே அறியாத ஒரு பாட்டி தன் பேரனுக்குச் சமையலறையில் உட்கார்ந்தபடியே பெற்றுத்தந்துவிடலாம்.